ஒட்டாவா சென்ற கோவைத் தமிழர்

களம்பூரிலும் ஆரணியிலும் தறி போட்டிருப்பவர்களுக்குச் சுங்கவரி என்பது எங்கோ துறைமுகத்து விவகாரமல்ல. அயல்நாட்டுக் கச்சாப் பட்டுக்கு வரி ஏறினால் நூல் விலை ஏறும். இறங்கினால் மைசூர், கொள்ளேகால் பக்கத்துப் பட்டுப்பூச்சி வளர்ப்போர் வயிற்றில் அடி. 1930களின் தொடக்கத்தில் சீன, ஜப்பானியப் பட்டு மலிவாக வந்து குவிந்தது. அதைத் தடுக்கும் பாதுகாப்பு வரி மசோதா 1934-ல் டில்லி மத்திய சட்டசபையில் நிறைவேறியபோது தலைவர் பீடத்தில் வீற்றிருந்தவர் சர் ஆர். கே. சண்முகம் செட்டியார்.

1892-ல் கோவையில் பிறந்த இவர் சென்னையில் சட்டம் பயின்றார். நகரசபை, சென்னை சட்டசபை, பிறகு டில்லி என்று மளமளவென உயர்ந்தார். சுயராஜ்யக் கட்சியின் கொறடாவாகவும் விளங்கினார்.

1932-ல் கனடாவின் ஒட்டாவாவில் சாம்ராஜ்யப் பொருளாதார மகாநாடு கூடியது. இந்தியப் பிரதிநிதிகளில் செட்டியாரும் ஒருவர். பிரிட்டிஷ் சரக்குகள் பலவற்றுக்கு இங்கே பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து வீதம் வரிச் சலுகை. பதிலுக்கு நமது தேயிலை, பதனிட்ட தோல் முதலியவற்றுக்கு அங்கே சலுகை. இதுதான் ஒப்பந்தம். தோல் பதனிடும் வட ஆற்காட்டுக்கு இது கசக்குமா? ஆனாலும் தேசியவாதிகள் கொதித்தார்கள். நம் சரக்கை மற்ற நாடுகளும் வாங்குகின்றனவே, அவர்கள் சரக்கை ஒதுக்கினால் அவர்கள் சும்மா இருப்பார்களா என்பது அவர்கள் வாதம்.

அந்தப் பயம் வீண்பயமல்ல என்பதைப் பருத்தி காட்டியது. ஒட்டாவாவுக்குப் புறம்பாக, 1933 ஜூனில் பிரிட்டிஷ் அல்லாத பருத்தித் துணிக்கு 75 சதவீத வரி விதிக்கப்பட்டது. பிரிட்டிஷ் துணிக்கோ 25 சதவீதம்தான். ஜப்பான் உடனே நம் பஞ்சை வாங்க மறுத்தது. கடைசியில் 1934-ல் வரி 50 சதவீதமாக இறங்கியது. பத்து லட்சம் பேல் பஞ்சு வாங்கினால் 32½ கோடி கஜம் துணி அனுப்பலாம் என்று சமரசம் ஏற்பட்டது.

அவ்வாண்டுத் தேர்தலில் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் சண்முகம் செட்டியார் தோற்றார். ஒட்டாவா அவரை விடவில்லை! 1936-ல் அதே சட்டசபை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும்படி தீர்மானித்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சி திவான். 1944-ல் பிரெட்டன் உட்ஸ் மகாநாட்டுப் பிரதிநிதி. காங்கிரஸை எதிர்த்தவராயினும் 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானார். 1948-ல் ராஜினாமாச் செய்தார். தமிழிசைக்கும் சிலப்பதிகாரத்துக்கும் தொண்டு செய்த அவர் 1953-ல் காலமானார்.