பனியை வென்றவர், பெயருக்குக் காத்திருந்தவர்: மேத்யூ ஹென்சன்

மஸ்ஜித் தானா: காலை பத்து மணிக்கே சட்டை நனைந்துவிடும் ஊர் நம்முடையது. ஆண்டில் சுமார் நான்கு மாதம் சூரியனே எழாத இடத்தை, மூச்சுக் காற்று மீசையில் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும் குளிரை நாம் நினைத்துப் பார்ப்பதே கடினம். 1891 முதல் 1909 வரை அந்தக் குளிருக்குள் திரும்பத் திரும்பப் போய் உயிரோடு திரும்பியவர் மேத்யூ ஹென்சன். வடதுருவப் பயண வரலாற்றில் அவர் பெயர் வெகு காலம் மறைந்தே கிடந்தது.

1866 ஆகஸ்டு 8-ஆம் தேதி, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் ஹென்சன் பிறந்தார். பெற்றோர் வாரத்துக்கு நிலம் உழுதவர்கள். சிறு வயதிலேயே அவர்களை இழந்தவர், 12 வயதில் ஒரு கப்பலில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அந்தக் கப்பலின் கேப்டன்தான் அவருக்கு எழுதப் படிக்கவும் கப்பல் வேலையும் கற்றுக்கொடுத்தார். கேப்டன் இறந்த பிறகு ஹென்சன் கரைக்குத் திரும்பினார். 1887-இல் வாஷிங்டனில் ஒரு தொப்பிக் கடையில் வேலை பார்த்தபோது, கடற்படைப் பொறியாளர் ராபர்ட் பியரி அவரைத் தம் உதவியாளாக எடுத்துக்கொண்டார்.

உதவியாளாகப் போனவர் வேலைக்காரராக மட்டும் நின்றுவிடவில்லை. கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் வாழும் இனுயிட் மக்களிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார். பள்ளிப் புத்தகங்களில் எஸ்கிமோ என்று நாம் படித்தது இவர்களைத்தான். அவர்களின் மொழியைச் சரளமாகப் பேசினார். நாய்களைப் பூட்டிச் சறுக்கு வண்டி ஓட்டவும், வண்டி உடைந்தால் பனியிலேயே செப்பனிடவும் பழகினார். அந்த மக்கள் அவரை அன்பான மேத்யூ என்ற பொருளில் மரி பாலுக் என அழைத்தனர்.

அங்கே குளிரைத் தாங்க உடல் பலம் மட்டும் போதாது. கம்பளி உடை வியர்வையை உறிஞ்சி, பிறகு உறைந்து, போட்டிருப்பவரையே கொல்லும். அதனால் மான், கரடி, கடல்நாய் ஆகியவற்றின் உரோமத் தோலைத் தைத்து உடுத்துவார்கள். காலணிக்குள் காய்ந்த புல்லைத் திணித்தால் அது ஈரத்தை வாங்கிக்கொள்ளும். வியர்க்கும் அளவுக்கு வேகமாக நடக்கக்கூடாது. தாகம் எடுத்தாலும் பனியை அப்படியே தின்றால் உடல் சூடு குறையும்; உருக்கித்தான் குடிக்க வேண்டும். இரவு தங்க, இறுகிய பனியைக் கட்டி கட்டியாக அறுத்து அடுக்கி இக்ளூ வீடு எழுப்புவார்கள். இவை எல்லாம் இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த அறிவு. பியரியே 1899-இல் குளிரில் உறைந்து கால்விரல்களில் எட்டைப் பறிகொடுத்தார். அப்போது பக்கத்தில் இருந்து காப்பாற்றியவர்களில் ஹென்சனும் ஒருவர்.

1909 மார்ச்சில் கடைசி முயற்சி தொடங்கியது. கனடாவின் வடகோடியிலிருந்து 24 பேர், 19 வண்டிகள், 133 நாய்களுடன் உறைந்த கடல் மீது புறப்பட்டனர். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40, 50 டிகிரி வரை இறங்கியது. வழியில் ஹென்சன் பனிப் பிளவுக்குள் விழுந்து கடல் நீரில் மூழ்கினார். ஊட்டா என்ற இனுயிட் தோழர் அவரைப் பிடித்துத் தூக்கி, நனைந்த உடை உறைவதற்குள் தண்ணீரை அடித்து உதறினார். சில நிமிடம் தாமதித்திருந்தால் ஹென்சன் பிழைத்திருக்க மாட்டார்.

ஏப்ரல் 6-ஆம் தேதி துருவத்தை அடைந்துவிட்டதாகப் பியரி அறிவித்தார். அவருடன் இறுதி வரை சென்றவர்கள் ஹென்சன், ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கியா ஆகிய ஐவர். சரியாகத் துருவப் புள்ளியைத் தொட்டார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஹென்சனின் உழைப்பில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஊர் திரும்பியதும் பியரிக்குப் பதக்கங்களும் பதவி உயர்வும் வந்தன. ஹென்சனுக்குக் கிடைத்தது வாகன நிறுத்துமிடத்தில் வேலை. 1912-இல் தம் அனுபவத்தை நூலாக எழுதினார். மறு ஆண்டு நியூயார்க் சுங்க அலுவலகத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, 1936 வரை அங்கேயே உழைத்தார். ஆய்வுப் பயணிகள் சங்கம் 1937-இல்தான் அவரை உறுப்பினராக்கியது. 1944-இல் அரசுப் பதக்கம் வந்தது. 1955 மார்ச் 9-ஆம் தேதி, 88 வயதில் காலமானார். 1988 ஏப்ரல் 6-ஆம் தேதி, துருவ நாளின் 79-ஆம் ஆண்டு நிறைவில், அவரது உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்கு மாற்றப்பட்டு, பியரியின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

ஊட்டா உள்ளிட்ட நால்வரின் பெயர்கள் இன்றும் பலருக்குத் தெரியாது.

இந்தக் கதை தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. காட்டை அழித்து ரப்பர் நட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். பலகையில் இருந்தது கம்பெனியின் பெயர். ஹென்சன் தாமே எழுதி வைத்ததால்தான் அவர் உழைப்பும் ஊட்டாவின் உதவியும் நமக்குத் தெரிகின்றன. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, எந்த லயத்தில் இருந்தார்கள், எந்த நிரையில் பால் வெட்டினார்கள், யாருடன் வேலை செய்தார்கள் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதற்கு யாருடைய பதக்கமும் தேவையில்லை.