ஆலைச் சங்கொலிக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை: தொழிலாளர், வரி, சட்டம், அம்பேத்கர்

இராஜபாளையத்து நூற்பாலைகளில் முறைவேலை மாறும் நேரத்தில் வாயிலில் நிற்பவர்களையும், அதை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களில் வேலை செய்பவர்களையும் அம்பேத்கர் யார் என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரு சாதியின் தலைவர் என்றே சொல்வர். தென்மாவட்டங்களில் அவருடைய சிலைகள் பல இன்றும் இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. அவருடைய வாழ்க்கையும் அப்படியொரு கூண்டுக்குள்தான் அடைக்கப்பட்டிருக்கிறது. வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற வரம்பும், குறைந்தபட்ச ஊதியம் என்ற உரிமையும் சட்டமானதில் அவருக்கிருந்த பங்கு, அந்த உரிமைகளை அன்றாடம் துய்க்கும் தொழிலாளிக்கே தெரியாமல் போயிற்று.

1891 ஏப்ரல் 14 அன்று, மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைமுகாம் நகரில், இராணுவத்தில் சுபேதாராக இருந்த இராம்ஜி சக்பாலின் பதினான்காவது பிள்ளையாக அவர் பிறந்தார். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட அவருக்கு உரிமை இல்லை. பரோடா அரசரின் உதவித்தொகையில் 1913ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அந்த இளைஞர், ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவற்றுள் முதன்மையானது அரசின் பணப்பெட்டி. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி நிர்வாகத்தைப் பற்றி 1915இல் எழுதினார். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி குறித்த அவருடைய ஆய்வு 1925இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 1923இல், ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்காக இலண்டன் பொருளியல் பள்ளியில் உயர் பட்டம் பெற்றிருந்தார்.

யாரிடமிருந்து வரி வாங்கப்படுகிறது, யாருக்காகச் செலவிடப்படுகிறது என்பது அந்நூல்களின் அடிப்படைக் கேள்வி. நிலவரியும் உப்புவரியும் உழவனையும் கூலியையும் அழுத்த, வசதி படைத்தோர் இலேசாகத் தப்பித்துக்கொண்டதை அவர் கணக்குகளைக் கொண்டே காட்டினார். 1927இல் பம்பாய் சட்ட மேலவையின் உறுப்பினரானதும், முதல் நிதிநிலை விவாதத்திலேயே இதனை எழுப்பினார். வருமான வரிக்கு ஒரு விலக்கு வரம்பு உண்டு. அதற்குக் கீழே சம்பாதிப்பவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் நிலவரிக்கு அத்தகைய வரம்பே இல்லை. விளைந்தாலும் பொய்த்தாலும், ஒரு காணி வைத்திருந்தாலும் நூறு காணி வைத்திருந்தாலும் வரி உண்டு. இதில் நீதி எங்கே என்பதே அவர் கேட்டது. அதே ஆண்டு மார்ச்சில்தான் மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளும் போராட்டத்திற்கும் அவர் தலைமை ஏற்றார். பொதுக் குளத்தின் தண்ணீரும் பொதுப் பணமும் அவருக்கு ஒரே உரிமையின் இரு முகங்கள்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் அன்று கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு வேலை இல்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு ஒட்ட வேண்டியிருந்ததால், தீட்டு என்று சொல்லி மற்றத் தொழிலாளிகளே தடுத்தனர். செங்கொடிச் சங்கங்கள் நடத்திய 1928ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைப் பகிரங்கமாக எழுப்பினார். தொழிலாளர் ஒற்றுமை பேசுவோர் முதலில் தம் நடுவே உள்ள இந்தச் சுவரை இடிக்கட்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய ஒடுக்கப்பட்ட இரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளியமும் ஆகிய இரண்டுமே தொழிலாளியின் பகைகள் என்று வரையறுத்தார். ஒன்றை மட்டும் எதிர்த்து மற்றொன்றை விட்டுவிடுவோருக்கு இன்றும் அதில் பாடம் உண்டு.

1936இல், இராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்ட அதே ஆண்டில், அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937 தேர்தலில் அக்கட்சி தான் போட்டியிட்ட இடங்களில் மிகப் பெரும்பாலானவற்றை வென்றது. கொங்கணத்தில் உழவரை அடிமைபோல் நடத்திய கோத்தி நிலமுறையை ஒழிக்க அவர் மசோதா கொண்டுவந்தார். அது கிடப்பில் போடப்பட்டபோது, 1938 ஜனவரியில் பல்லாயிரம் உழவர்களைப் பம்பாய்க்கு அழைத்து வந்து சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலம் நடத்தினார். நம் ஊர்களின் வெட்டி வேலையைப் போலத் தம் மக்கள்மீது சுமத்தப்பட்டிருந்த மகர் வத்தன் என்னும் பரம்பரை ஊழியத்தை ஒழிக்கவும் 1928 முதலே மசோதாவுடன் போராடினார். கோத்தி முறை 1949இலும், வத்தன் முறை அவர் மறைந்த பின் 1958இலும் சட்டத்தால் ஒழிந்தன. 1938 நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையை முடக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். மசோதா நிறைவேறிவிட்டது. ஆனாலும் மன்றத்திற்குள் வாதம், வெளியே மக்கள் திரள் என்ற அவருடைய வழிமுறை அப்போது தெளிவாகிவிட்டது.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பும் ஒரே மேசையில் அமரும் மாநாடுகள் அவர் காலத்தில் முறைப்பட்டன. 1944இல் வெளியேறும் நிலக்கரியின்மீது தீர்வை விதித்து, அப்பணத்தைச் சுரங்கத் தொழிலாளரின் வீடு, குடிநீர், மருத்துவத்திற்கென ஒதுக்கும் நிதியம் உருவானது. வரி யாருக்காக என்று மாணவப் பருவத்தில் கேட்ட கேள்விக்கு ஆட்சியில் இருந்தபோது கிடைத்த விடை இது. உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் வகுக்க 1943இல் பேராசிரியர் அடார்க்கர் அமர்த்தப்பட்டார், இன்றைய இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளின் வேர் அங்கே இருக்கிறது. வாரத்திற்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48ஆகக் குறைத்த தொழிற்சாலைகள் திருத்தச் சட்டம் 1946இல் நிறைவேறியது. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் அறிமுகப்படுத்திய குறைந்தபட்ச ஊதிய மசோதா 1948இல் சட்டமானது.

எல்லாம் வெற்றியாகவே இருந்துவிடவில்லை. போரைக் காரணம் காட்டி 1943இல் பெண்களை மீண்டும் நிலத்தடிச் சுரங்கத்தில் இறக்க அரசு அனுமதித்தபோது, அதைச் சபையில் நியாயப்படுத்த வேண்டிய இடத்தில் அவர் இருந்தார். அந்தத் தடை 1946இல்தான் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதிகாரத்தில் இருப்பதன் விலையை அவரும் கொடுத்தார். இதை மறைப்பது அவருக்குப் பெருமை சேர்க்காது.

அரசியலமைப்பு வரைவுக்குழுத் தலைவராக அவர் ஆற்றிய பணி எல்லோரும் அறிந்ததே. ஆனால் அதன் வரிப் பகுதிகளை நாம் அதிகம் படிப்பதில்லை. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் கூடாது என்கிறது 265ஆவது உறுப்பு. மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை என்று நாடாளுமன்றம் அறிவிக்கும் பொருள்களுக்கு மாநிலம் விற்பனை வரி விதித்தால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றாக வேண்டும் என்றது 286ஆவது உறுப்பின் தொடக்க வடிவம். ஏழையின் அடுப்புக்கும் அரசின் கைக்கும் நடுவே போடப்பட்ட தடுப்பு அது. 1956இல் அது மாற்றப்பட்டது.

இந்த வாழ்க்கை இராஜபாளையத்தைத் தொடும் இடமும் ஒன்று உண்டு. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் அவ்வூர்க்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. வகுப்புவாரி ஆணையை உயர் நீதிமன்றம் செல்லாது என்றபோது, அவருடைய அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1951 ஏப்ரலில் அங்கும் தோற்றது. ஆனால் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் பெருந்திரளான மக்களும் தெருவில் எழுப்பிய குரல் டெல்லியை எட்டியது. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்து நாடாளுமன்றத்தில் அத்தீர்ப்பைக் குறைகூறி வாதாட, 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்தது. 15ஆவது உறுப்பின் நான்காம் பிரிவு பிறந்தது. தமிழ்நாட்டுக் குடிமக்கள் போராடி நாட்டின் சட்டத்தை மாற்றிய நிகழ்வு அது.

அதே ஆண்டு செப்டம்பரில், பெண்களுக்குச் சொத்துரிமை தரும் இந்து சட்டத் தொகுப்பு கைவிடப்பட்டதை முதன்மைக் காரணமாகக் கொண்டு அவர் பதவி விலகினார். 1952 தேர்தலிலும், 1954 பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

இன்று அவர் எழுப்பியவை அடித்தளத்திலிருந்தே அசைகின்றன. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் உள்ளிட்ட 29 சட்டங்களை விழுங்கிய நான்கு தொழிலாளர் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. 2017இல் மருத்துவத் துணிக்கு 12 சதவீதம் விதிக்கப்பட்ட ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பரில் 5 சதவீதமானது. அந்தக் குறைப்பில் தறி ஓட்டுபவரின் கூலிக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதே அம்பேத்கர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி. அதுவும் இராஜபாளையமும் அடங்கிய தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதி. அந்த இருக்கைகள் 1932 முதல் அவர் நடத்திய போராட்டத்தின் மிச்சம். அவற்றில் அமர்வோரிடம் தொழிலாளர் தொகுப்பு பற்றியும், வரி பற்றியும் கணக்குக் கேட்பது வாக்காளரின் கடமை. மே 1 அன்று கூடும் கிராம சபை அதற்கு ஒரு வாய்ப்பு. கிராமத்தைச் சாதியின் கோட்டையாகவே கண்ட அம்பேத்கர் அந்தச் சபையை எளிதில் நம்பியிருக்க மாட்டார். ஆயினும் அங்கே சேரியிலிருந்து ஒரு கை உயர்ந்து, வேலை நேரத்தையும் கூலியையும் பற்றிய தீர்மானம் ஒன்று பதிவேட்டில் ஏறுமானால், கூண்டின் பூட்டு சற்றே தளரும்.