புகைக்குழாயை அளந்த மனிதர்



ஆண்டு மலர் என்றாலே ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். ஜேம்ஸ் வாட், எடிசன், நம்ம சர் சி.வி. ராமன் என்று எல்லோரையும் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. அதனால் நான் வேறொருவரை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் வால்டர் காடன். பைக் பந்தய உலகத்தில் இவரைத் தெரியாதவர்கள் கிடையாது. நம்ம பசங்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் பைக் கைக்கு வந்ததும் நம்ம பசங்க முதலில் கை வைப்பது எதில்? சைலன்ஸரில்! அந்தக் குழாய்க்குள் என்னதான் நடக்கிறது என்று பொறுமையாக அளந்து பார்த்தவர் இவர். அதனால்தான் இவரைப் பற்றி எழுதுகிறேன்.

காடன் பிறந்தது 1919 செப்டம்பர் 1-ஆம் தேதி, ஜெர்மனியில் சாக்ஸனி பகுதியிலுள்ள போபர்ஷாவ் என்ற ஊரில். அப்பா டிரைவர். பக்கத்து ஊரான சோப்பாவில் இருந்த டி.கே.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் கம்பெனியின் விற்பனை மேலாளருக்குக் கார் ஓட்டினார். 1927-ல் நூர்பர்க்ரிங் என்ற புகழ்பெற்ற பந்தயப் பாதை திறக்கப்பட்டபோது சின்னப் பையனாகப் போய்ப் பார்த்தார் காடன். அன்றைக்குப் பிடித்த மோட்டார் பைத்தியம் கடைசிவரை விடவில்லை. பிறகு கெம்னிட்ஸ் நகரில் தொழில்நுட்பப் படிப்பு.

படித்து முடித்த காலத்தில் யுத்தம். 1940-ல் ஹென்ஷல் விமானக் கம்பெனியில் வேலை. விமானத்திலிருந்து போட்டு ரேடியோவால் ஓட்டப்படும் ஒரு குண்டைத் தயாரிக்கும் பிரிவு அது. திறமையெல்லாம் ஆளைக் கொல்லும் காரியத்துக்குப் போன காலம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர்கள் பிடித்து வைத்தார்கள். விடுதலையாகி ஊர் திரும்பியவர் என்ன செய்தார் தெரியுமா? மரவேலை! குண்டு விழுந்து இடிந்த கட்டடங்களுக்குக் கூரைச் சட்டம் செய்து கொடுத்துப் பிழைத்தார். கூடவே, டி.கே.டபிள்யூ.வின் ஆர்.டி. 125 வண்டியை அடிப்படையாக வைத்துத் தானே ஒரு பந்தய வண்டி கட்டினார்.

அந்த வண்டிதான் அவரை மறுபடி எஞ்சின் பக்கம் இழுத்தது. நாடு இரண்டாகப் பிரிந்து, சோப்பாவ் தொழிற்சாலை கிழக்கு ஜெர்மன் அரசின் கைக்குப் போயிருந்தது. பின்னாளில் எம்.இசட். என்று பெயர் பெற்ற தொழிற்சாலை அதுதான். 1953-ல் அதன் பந்தயப் பிரிவு காடனிடம் ஒப்படைக்கப்பட்டது. பணம் கிடையாது, நல்ல உலோகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எதிரே நிற்பதோ இத்தாலிக் கம்பெனிகள். பிற்பாடு ஹோண்டாவும் வந்து சேர்ந்தது. அவர்களுடையது எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் என்றால் புகை கக்கும் ஏழை வண்டி என்று சிரித்த காலம்.

டூ ஸ்ட்ரோக்கின் குறை என்ன? தெர்மல் பிராக்டிகல் வைவாவில் கேட்கும் அதே கேள்விதான். எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வருகிறது. எரிந்த புகையோடு எரியாத பெட்ரோலும் சேர்ந்து வெளியே ஓடிவிடுகிறது. வால்வு கிடையாது, யார் தடுப்பது?

குழாயே தடுக்கும் என்பதுதான் விடை. இந்த யோசனையை முதலில் பந்தய வண்டியில் போட்டவர் காடன் இல்லை. 1951-ல் மேற்கு ஜெர்மனியின் எரிக் வோல்ஃப் போட்டார். கலவை உள்ளே வரும் நேரத்தை இஷ்டம்போல் வைத்துக்கொள்ள உதவும் சுழல்தகடு வால்வை டேனியல் சிம்மர்மான் என்பவர் செய்து காட்டினார். காடன் இந்த இரண்டையும் எடுத்தார். மூன்றாவதாக ஒரு டிரான்ஸ்ஃபர் போர்ட்டையும் சேர்த்தார். அதற்குமேல் அவர் செய்ததுதான் பெரிய காரியம். ஆஸிலாஸ்கோப்பை வைத்துக் குழாய்க்குள் ஓடும் அழுத்த அலையை அளந்தார். எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

விஷயம் இதுதான். போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் புனல்போல விரியும் இடத்தில் ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து மிச்சப் புகையை இழுத்துப்போடுகிறது. கொஞ்சம் புதுக் கலவையும் அதோடு வெளியே வந்துவிடும். பரவாயில்லை. அதற்கப்புறம் குழாய் குறுகும் இடத்தில் முட்டிய அலை திரும்பி வந்து, வெளியே வந்த கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. தள்ளி முடிக்கவும் பிஸ்டன் போர்ட்டை மூடவும் சரியாக இருக்க வேண்டும். இந்த நேரப் பொருத்தம் அமைந்தால் சக்தி. தவறினால் வெறும் சத்தம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 10,800 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 5.6 மில்லி செகண்ட். அதில் போர்ட் திறந்திருப்பது தோராயமாகப் பாதி நேரம், அதாவது 2.8 மில்லி செகண்ட். சூடான புகையில் அலையின் வேகம் செகண்டுக்கு சுமார் 500 மீட்டர் என்று வைத்தால், அந்த நேரத்தில் அது ஓடும் தூரம் 1.4 மீட்டர். போகவும் வரவும் என்பதால், குறுகும் இடம் போர்ட்டிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சரியான கணக்கில் புனலின் சாய்வு, சூடு எல்லாம் வரும். ஆனாலும் அடிப்படை இதுதான். அதே குழாயை 5,400 சுற்றில் ஓட்டினால்? போர்ட் திறந்திருக்கும் நேரம் இரண்டு மடங்கு. அலை பாதி வழியிலேயே வந்து சேர்ந்துவிடும். தள்ளிய கலவை மறுபடி வெளியே ஓடிவிடும். ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.முக்குக் கீழே எஞ்சின் செத்தமாதிரி இருப்பதும், அதைத் தாண்டியதும் எகிறுவதும் இதனால்தான்.

1954-ல் காடனின் 125 சி.சி. எஞ்சின் கொடுத்தது 13 குதிரைசக்தி. 1961-ல் அதே 125 சி.சி., அதே ஒற்றை சிலிண்டர், 10,800 சுற்றில் 25 குதிரைசக்தி! லிட்டருக்கு 200 என்ற கணக்கை சூப்பர்சார்ஜர் இல்லாமல் எட்டிய முதல் எஞ்சின் அதுதான். 1958-ல் ஸ்வீடனில் ஹோர்ஸ்ட் ஃபூக்னர் எம்.இசட்.டுக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றியைக் கொடுத்தார். அடுத்த வருஷம் இத்தாலியின் மோன்ஸாவில் எர்ன்ஸ்ட் டெக்னர், இத்தாலிக்காரர்களை அவர்கள் ஊரிலேயே ஜெயித்தார்.

இந்த டெக்னர்தான் கதையின் திருப்பம். ஓட்டுவது மட்டுமில்லை, எஞ்சின் விவரமும் தெரிந்தவர். 1961-ல் 125 சி.சி. உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பர் 17, ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட். அந்தப் பந்தயத்தில் ஜெயித்தால் டெக்னர் உலக சாம்பியன். எஞ்சின் பாதியில் படுத்துவிட்டது. அன்றே அவர் மேற்கு நோக்கிக் கிளம்பிவிட்டார்! மனைவியும் குழந்தைகளும் கார் டிக்கியில் ஒளிந்து எல்லை கடந்தார்கள். கூடவே போனது காடனின் எஞ்சின் ரகசியம். போய்ச் சேர்ந்த இடம் ஜப்பானின் சுசுகி கம்பெனி. பட்டம் ஹோண்டாவில் ஓட்டிய டாம் ஃபிலிஸுக்குப் போனது.

மறுவருஷமே, 1962-ல், சுசுகியில் ஓட்டி 50 சி.சி. உலகப் பட்டத்தை டெக்னர் வாங்கினார். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம். காடனின் மூளை, வேறொரு கம்பெனியின் கொடி. டெக்னரைத் துரோகி என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. சுவருக்குள் வாழ்ந்தவன் கஷ்டம் வெளியே இருக்கிற நமக்கு முழுசாகப் புரியாது. ஆனாலும், ராப்பகலாக அளந்து கண்டுபிடித்தவனின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

ஒரு விசித்திரம் பாருங்கள். அதே 1962-ல் ஜப்பானின் சுசுகா பாதையில் நடந்த முதல் பந்தயத்தின்போது ஒரு வளைவில் டெக்னர் விழுந்தார். அந்த வளைவுக்கு இன்றும் டெக்னர் வளைவு என்றுதான் பெயர். மறுவருஷம் அதே சுசுகாவில் இன்னொரு விபத்து, தீக்காயம், பல அறுவை சிகிச்சைகள். 1983-ல் காலமானார். குழாயின் ரகசியத்தைக் கொண்டுபோனவர் பெயர் ஒரு வளைவில் நிற்கிறது.

வளைவு என்றதும் நம்ம கதைக்கும் வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு சீனியர் அண்ணன், பழைய ஆர்.எக்ஸ். 100 ஒன்றுக்கு அளவே பார்க்காமல் செய்த சேம்பர் ஒன்றை மாட்டியிருந்தார். நேர் ரோட்டில் பிரமாதம். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது பாதி வழி சப்பென்று இருக்கும். திடீரென்று சக்தி பிய்த்துக்கொண்டு வரும். சாய்ந்திருக்கிற பின் டயருக்கு அந்த உதை தாங்காது, வழுக்கும். காடனின் வண்டிகளும் இப்படிக் குறுகிய சக்தி எல்லைக்குள் ஓடியவைதான். அவற்றை ஓட்டியவர்கள் கியரை மாற்றி மாற்றி எஞ்சினை அந்த எல்லைக்குள்ளேயே வைத்திருக்கத் தெரிந்தவர்கள். நாம் நேற்று லைசென்ஸ் வாங்கியவர்கள்!

புதிதாக ஓட்டுகிறவனுக்கு வளைவில் தைரியம் வருவது வண்டி அடுத்த நொடி என்ன செய்யும் என்று தெரிவதால்தான். எனக்கு வந்தது இப்படித்தான்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரையும் மாற்றி முடித்துவிடுவது. கண் பள்ளத்தையோ எதிர்ச் சுவரையோ பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பார்ப்பது. சாய்ந்த பிறகு ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்து, நிமிரும்போது மெல்ல முறுக்குவது. நடுவில் திடீர் பிரேக் கூடாது. தெரிந்த ஒரே வளைவை மெதுவாகப் பத்து தடவை ஓட்டிப் பழகினால், பதினோராவது தடவை பயம் தானாகக் குறையும். மணல் கிடந்தாலோ மழை பெய்தாலோ அந்தக் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியிலும் விஷயம் மாறவில்லை. எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் சென்ஸாரும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. சைலன்ஸரைக் கழற்றி வெறும் குழாயை மாட்டினால் சத்தம் கூடும். கம்பெனி போட்ட அளவு கெடும். சட்டப்படியும் குற்றம். சத்தத்தைச் சக்தி என்று நினைப்பது நம்ம டிப்ளமோவுக்கே அவமானம்.

காடன் என்ன ஆனார்? அவர் ஓடிப்போகவில்லை. அதே சோப்பாவில், அதே குறைந்த வசதியில் வேலையைத் தொடர்ந்தார். 1963-ல் மைக் ஹெயில்வுட் அவருடைய 250 சி.சி. வண்டியில் கிழக்கு ஜெர்மன் கிராண்ட் பிரீயை ஜெயித்தார். ஆனால் எம்.இசட்.டுக்கு உலகப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. 1996 மார்ச் 3-ஆம் தேதி காடன் காலமானார். அதற்குள் அவர் வழியில் வந்த எஞ்சின்கள் உலகத்தையே பிடித்துவிட்டன. 1975 முதல் 2001 வரை 500 சி.சி. உலகப் பட்டம் எல்லா வருஷமும் டூ ஸ்ட்ரோக்குக்கே போனது. ஒன்றுகூட எம்.இசட். இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் வயிற்றுக்கடியிலும் விரிந்து குறுகும் அந்தக் குழாய் இருந்தது.

சீனியர் அண்ணனின் ஆர்.எக்ஸ். 100-க்கும் சோப்பாவுக்கும்கூட உறவு உண்டு. யமஹா 1955-ல் செய்த முதல் மோட்டார் சைக்கிள், அந்தப் பழைய ஆர்.டி. 125-ஐப் பார்த்துச் செய்ததுதான்!

நண்பர்களே, பட்டம் யாருக்குப் போகும், பெயர் யாருக்குப் போகும் என்பது நம்ம கையில் இல்லை. அளந்து பார்ப்பது நம்ம கையில் இருக்கிறது. அடுத்த தடவை வொர்க்‌ஷாப்பில் ஹாக்ஸா பிளேடை எடுத்து சைலன்ஸர் பக்கம் போகிற நண்பனைப் பார்த்தால், முதலில் அவன் கையில் ஒரு ஸ்டீல் ரூலைக் கொடுங்கள்.