பாக்டீரியாவின் சுவிட்சைக் கண்டவர்

ழாக் மோனோ 1910-ல் பாரிஸில் பிறந்தவர். நாஜிகள் பிடிச்சு வச்சிருந்த அந்த ஊர்லயே ஆய்வும் செய்தார், ரகசியமா எதிர்ப்பு இயக்கத்திலும் இருந்தார். மாட்டியிருந்தா உயிர் போயிருக்கும்!

ஈ.கோலை பாக்டீரியாவுக்கு குளுக்கோஸ், லாக்டோஸ் ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தார். முதல்ல குளுக்கோஸ் காலி. அப்புறம் வளர்ச்சி கொஞ்ச நேரம் நின்னு, மறுபடி ஏறுச்சு. ஏன் அந்த இடைவெளி? லாக்டோஸை உடைக்கிற என்சைம் அப்போதான் தயாராகுது. தேவை வந்தாதான் உற்பத்தி!

இதன் பின்னால் இருக்கும் மரபணு சுவிட்சை 1961-ல் ஃபிரான்சுவா ஜாகோபுடன் சேர்ந்து விளக்கினார். 1965-ல் ஜாகோப், ஆந்த்ரே ல்வோஃப் ஆகியோருடன் நோபல் பரிசு. 1976-ல் மறைந்தார்.

இன்னைக்கு லேப்ல ஈ.கோலையை வச்சு புரதம் தயாரிக்கும்போது, பல நேரம் நாம தட்டுறது அதே சுவிட்சைத்தான்.