கொயினாவும் ராம்நாத் சோப்ராவும்

பத்தாங் பெர்ஜுந்தை தோட்டத்தில் என் பாட்டி, மூட்டு வலிக்குப் பசார் மாலாமில் வாங்கின மூலிகை மாத்திரையை மூணு மாசம் விழுங்கினாங்க. வலி பறந்தது, முகம் வீங்கிப்போச்சு. ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். அதற்குப் பிறகுதான் ராம்நாத் சோப்ராவைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1882-ல் குஜ்ரன்வாலாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, கல்கத்தாவில் மருந்தியல் பேராசிரியரானார். அப்போ இந்தியாவில் யாரும் எதையும் பாட்டிலில் அடைத்து, சகல நோய்க்கும் மருந்து என்று லேபிள் ஒட்டி விற்கலாம். மலேரியாவுக்கான கொயினாவிலேயே கலப்படம்! நம்ம தோட்டத்துப் பெரியவங்களைக் கேளுங்க, கொயினா என்றால் என்னவென்று சொல்வாங்க. அது பொய்யானால் காய்ச்சல் எப்படி நிற்கும்?

1930-ல் அரசாங்கம் மருந்து விசாரணைக் குழு அமைத்து, அவரைத் தலைவராக்கியது. குழு பல ஊர்களில் சாட்சி கேட்டது. மறு வருஷமே அறிக்கை தந்தது: நாடு முழுக்க ஒரே சட்டம் வேணும், பரிசோதனைக் கூடம் வேணும். சட்டம் வந்ததோ 1940-ல்தான். லேபிளில் பொய் எழுதுவது குற்றமானது. இடைப்பட்ட வருஷங்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருது.

அவர் நாட்டு மருந்துக்கு எதிரி இல்லை. சர்ப்பகந்தா வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டியவரே அவர்தான். நம்முடையது என்பதற்காகச் சோதிக்காமல் விடவில்லை. 1973-ல் காலமானார்.

நம்ம நாட்டில் 1952-லேயே மருந்து விற்பனைச் சட்டம் வந்தாச்சு. பதிவான மருந்துக்கு மால் எண் உண்டு; பாரம்பரிய மருந்தென்றால் கடைசியில் டி எழுத்து. பாட்டியின் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாமி படம் மட்டும்தான் இருந்தது.