விடுதலை வீரரின் வீட்டில் 317 அடிமைகள்!

தூரத்தில் இருந்து பார்த்தால் கல் கட்டடம் போலத் தெரியும். கிட்டப் போய்த் தட்டிப் பார்த்தால் மரம்! பலகைகளைக் கல் போலச் செதுக்கி, வண்ணம் பூசி, அது காயும் முன் மணலைத் தூவி இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த "மவுண்ட் வெர்னான்" மாளிகை இது. வர்ஜீனியா மாநிலத்தில், போட்டோமாக் ஆற்றங்கரை மேட்டில் நிற்கிறது.

11 வயது எஜமான்

வாஷிங்டன் 1732-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். அவருடைய பங்குக்கு நிலம் வந்தது. நிலத்தோடு 10 அடிமைகளும் வந்தனர்!

ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்து வரப்பட்டவர்களையும், அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் ஆடு மாடு போல விற்று வாங்கிய காலம் அது.

மூத்த தாரத்து அண்ணன் லாரன்ஸ் 1752-ல் இறந்தார். அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையை வாஷிங்டன் 1754-ல் குத்தகைக்கு எடுத்தார். 1761-ல் அது அவருக்கே சொந்தம் ஆயிற்று. இதற்கு இடையில், 1759-ல், மார்த்தா என்ற பணக்கார விதவையை மணந்தார்.

முதலில் புகையிலை பயிரிட்டார். அது மண்ணின் சத்தை உறிஞ்சியது. லாபம் லண்டன் வியாபாரிகளுக்குப் போயிற்று. கடன்தான் இவருக்கு மிஞ்சியது. ஆகவே கோதுமைக்கு மாறினார். மாவு ஆலை வைத்தார். ஆற்றில் மீன் பிடித்து, உப்பிட்டு விற்றார். பண்ணை 5 பிரிவுகளாக, சுமார் 8 ஆயிரம் ஏக்கர் அளவுக்கு வளர்ந்தது.

அத்தனை பாடும் பட்டவர்கள் அடிமைகளே! பொழுது விடிந்தது முதல் சாயும் வரை வேலை. வாரத்தில் 6 நாள். கூலி கிடையாது.

படையும் பதவியும்

1775-ல் இங்கிலாந்தின் ஆட்சியை எதிர்த்துப் போர் மூண்டது. வாஷிங்டன் தளபதி ஆனார். அவர் படையில் கறுப்பு இன மக்களும் நின்று போரிட்டனர். 8 ஆண்டுகளுக்குப் பின் வெற்றி கிடைத்தது.

படை கையில் இருந்தது. ஆனாலும் நாட்டைத் தன் கைக்குள் போட்டுக்கொள்ள அவர் விரும்பவில்லை. 1783 டிசம்பர் 23-ந் தேதி தளபதிப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் வீடு வந்து சேர்ந்தார்.

1789-ல் ஜனாதிபதி ஆனார். 8 ஆண்டு ஆண்டார். 1797-ல் பதவியை விட்டுப் பண்ணைக்குத் திரும்பினார்.

பதவியை எளிதாக விட்டவருக்கு, அடிமைகளை விட மனம் வரவில்லை.

தப்பி ஓடிய பெண்

மார்த்தாவுக்குப் பணிவிடை செய்த அடிமைப் பெண் ஓனா ஜட்ஜ். மார்த்தாவின் பேத்திக்குத் தன்னைக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று அவர் அறிந்தார். 1796-ம் ஆண்டு மே மாதம், பிலடெல்பியாவில் உள்ள ஜனாதிபதி வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக் கொண்டிருந்தனர். அந்த நேரத்தில் வெளியேறினார். கப்பல் ஏறி வடக்கே போய்விட்டார்.

அவரைத் திரும்பக் கொண்டுவர வாஷிங்டன் ஆள் அனுப்பினார். பலன் இல்லை. அங்கேயே ஓனா மணம் முடித்தார், பிள்ளைகள் பெற்றார், 1848-ல் இறந்தார். சட்டப்படி கடைசிவரை அவர் அடிமையே! ஆனால் ஒரு நாளும் திரும்பி வரவில்லை.

உயில்

1799 ஜூலையில் வாஷிங்டன் உயில் எழுதினார். அப்போது பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களில் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம். மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு அவர்களுக்கு விடுதலை தர வேண்டும் என்று எழுதினார். முதியவர்களுக்குச் சோறும் துணியும் தர வேண்டும். ஆதரவற்ற சிறுவர்களுக்கு எழுத்தும் தொழிலும் கற்பிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார். போர்க்களத்தில் கூடவே இருந்த வில்லியம் லீக்கு மட்டும் உடனே விடுதலை. ஆண்டுக்கு 30 டாலர் உதவித்தொகை.

அந்த டிசம்பரில் கொட்டும் பனியில் குதிரை ஏறிப் பண்ணையைச் சுற்றி வந்தார். தொண்டை அடைத்தது. 14-ந் தேதி இரவு, 67-ம் வயதில் காலமானார்.

மார்த்தா காத்திருக்கவில்லை. 1801 ஜனவரி 1-ந் தேதியே வாஷிங்டனின் மற்ற அடிமைகளுக்கும் விடுதலை கொடுத்துவிட்டார்.

ஆனால் இன்னும் 153 பேர் இருந்தனர். அவர்கள் மார்த்தாவின் முதல் கணவரின் குடும்பச் சொத்து. அவர்களை விடுவிக்கச் சட்டம் இடம் தரவில்லை. இரண்டு பிரிவினரும் ஒருவருக்கொருவர் கல்யாணம் செய்து வாழ்ந்தவர்கள். கணவனுக்கு விடுதலை, மனைவிக்கு இல்லை! தாய்க்கு விடுதலை இல்லை என்றால் பிள்ளைக்கும் இல்லை! 1802-ல் மார்த்தா இறந்ததும், அந்த 153 பேரின் குடும்பங்களைப் பேரப்பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டனர்.

இரண்டு கல்லறைகள்

மாளிகை 1858 வரை வாஷிங்டன் குடும்பத்தாரிடம் இருந்தது. பிறகு பெண்கள் சங்கம் ஒன்று 2 லட்சம் டாலர் திரட்டி அதை விலைக்கு வாங்கியது. 1860 முதல் பொதுமக்கள் பார்த்து வருகிறார்கள்.

தோட்டத்தில் வாஷிங்டனின் கல்லறை இருக்கிறது. சற்றுத் தள்ளி, மரங்களுக்கு நடுவே அடிமைகளைப் புதைத்த இடம். அங்கே யார் எங்கே கிடக்கிறார்கள் என்று காட்டப் பெயர்க் கல் இல்லை. 1929-ல் ஒன்றும், 1983-ல் ஒன்றுமாக, எல்லோருக்கும் பொதுவான நினைவுச் சின்னங்கள் வைத்தார்கள்.

மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் நாலு எட்டு நடந்து போய் வர வேண்டும். அந்த வீட்டின் கதை அங்கேதான் முடிகிறது.