மூன்று ஆட்சிக்குக் கணக்கு சொன்ன திவான் பூர்ணையா



நம்ம தொட்டியம் வழியா ஓடுற காவிரி, மைசூர்ச் சீமையில ஸ்ரீரங்கப்பட்டணம்ங்கிற தீவைச் சுற்றிக்கொண்டுதான் இங்கே வருகிறது. அந்தக் கோட்டையின் கஜானாவைப் பல வருஷம் காத்தவர் பூர்ணையா. பிறந்தது 1746-ல். ஆற்றுக்கு அக்கரையில குளித்தலை வட்டாரத்துக்காரர் என்று சொல்வார்கள்.

சின்ன வயசுலயே அப்பா தவறிவிட்டார். குடும்பம் வறுமையில் வாட, கடைக் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அன்னதான செட்டி என்ற பெரிய வியாபாரியிடம் சேர்ந்தார். அரண்மனைக்குச் சரக்கு கொடுத்தவர் அவர். அந்தக் கணக்கு வழியாகத்தான் ஹைதர் அலியின் பார்வை பூர்ணையா மேல் விழுந்தது. ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா ஞாபகசக்தி அபாரம். அப்படிப்பட்டவரிடம் கணக்கு சொல்லி நிலைப்பது லேசுப்பட்ட காரியமா? பூர்ணையா நிலைத்தார். படிப்படியாக நிதிப் பொறுப்பே அவர் கைக்கு வந்தது.

உண்மையான சோதனை 1782 டிசம்பரில் வந்தது. ஆங்கிலேயரோடு போர் நடக்கிறது. சித்தூர் பக்கம் பாசறையில் ராஜபிளவை வந்து ஹைதர் இறந்துபோனார். மகன் திப்புவோ தூரத்தில், மலபாரில். செய்தி வெளியே தெரிந்தால் படை சிதறிவிடும். பூர்ணையாவும் இன்னொரு அமைச்சர் கிருஷ்ணராவும் அதை மறைத்தார்கள். கஜானாப் பெட்டி போகிற மாதிரி ஹைதரின் உடலைக் கோலாருக்கு அனுப்பினார்கள். திப்புவின் தம்பியை அரியணையில் ஏற்ற நடந்த சதியும் அடக்கப்பட்டது. திப்பு வந்தபோது படையும் பணமும் பத்திரமாக இருந்தன. அதன்பின் அவர் செல்வாக்கு சொல்லவா வேணும்? கணக்கு மட்டுமல்ல, படைப்பிரிவையும் நடத்தினார்.

1799 மே 4-ல் கோட்டை விழுந்தது, திப்பு மாண்டார். பூர்ணையா ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். ஐந்து வயசுகூட நிரம்பாத மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் வைத்து, இவரையே திவான் ஆக்கினார்கள். துரோகி என்ற பழிச்சொல் இன்னைக்கும் இவர் மேல் உண்டு. ஆனா, திப்புவின் மகன் ஃபத்தே ஹைதருக்கே ஆட்சியைக் கொடுக்கணும்னு முதலில் கேட்டவரும் இவர்தான். ஆங்கிலேயர் ஒத்துக்கொள்ளவில்லை.

1811 வரை திவான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரி மேல் கல்பாலம் கட்டினார். எலந்தூர் ஜாகீர் அவருக்குக் கிடைத்தது. 1812 மார்ச்சில் காலமானார்.

அவர் நிறம் மாறினாரா, நாட்டைக் காத்தாரா என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான். ராஜா செத்துக் கிடக்கிற நேரம், கேட்க ஆள் இல்லாத நேரம், கஜானா அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அன்னைக்கும் கணக்கு சரியாகவே இருந்தது. அந்த நம்பிக்கைதான் கடைக் கணக்கு எழுதிய பையனைத் திவான் நாற்காலி வரைக்கும் கொண்டு போய் உட்கார வைத்தது.

படித்துவிட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், அன்பர்களே.